வாயை மூடிக்கொண்டு கவிதை சொல்லச் சொன்னவர்

தளியில் ஒரு நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்தை முடித்துவிட்டுப் பேருந்தில் ஓசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் அவர்கள் தோட்டத்து முட்டைக்கோஸ் நிறைந்த ஒரு பை. கைப்பேசி அடித்தது. பெங்களூரிலிருந்து கிரண். சுகந்தி மேடத்தோடு செல்லோ வாசிக்கிற பையன். “சார், மேடம் போயிட்டாங்க” என்றான். ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். “நாகர்கோவிலுக்கா? எப்ப வருவாங்க?” என்று கேட்டேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். ஒத்திகைக்காகப் பெங்களூரில் தங்கியிருந்தவர், காலையில் காபி போட எழுந்து அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாராம். நான் “ஐயையோ” என்று போட்ட சத்தத்தில் முட்டைக்கோஸ் உருண்டு பின் சீட்டுவரை போயிற்று. கண்டக்டர் அதை எடுத்துக்கொண்டு வந்து “ஏனாய்த்து சார்?” என்று கேட்டார். என்ன ஆயிற்றென்று தமிழிலும் சொல்ல வரவில்லை, கன்னடத்திலும் சொல்ல வரவில்லை.

ஓசூர் மூக்கண்டப்பள்ளி ஞாயிறு வட்டத்து நண்பர்கள் மேடத்தைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அழுது வடிய மாட்டேன். அந்த அம்மாளைப் பற்றி நினைத்தாலே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, கை தானாக ஆடுகிறது. இருந்தவரை என்னை அப்படித்தான் வைத்திருந்தார். போன பிறகு மட்டும் அடங்கி உட்கார்ந்தால் எப்படி?

வட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களும் செய்து ஓய்ந்தவர்களும் ஞாயிறு மாலை ஒரு டியூஷன் சென்டரின் பெஞ்சுகளில் உட்கார்ந்து கவிதை சொல்வோம். நான் தமிழ். வெல்டர் நஞ்சப்பா கன்னடம். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அவரவர் ஊர்த் தமிழைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாம் புரிய வேண்டுமே! அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் தன் வரியைச் சொல்வார். வேற்று மொழிக்காரர் ஒருவர் எழுந்து அதைத் தன் மொழியில் சொல்வார். பிறகு முதலாமவர் அதே வரியை இன்னொரு தரம் சொல்வார். அப்புறம்தான் அடுத்த வரி. அந்த இரண்டாவது ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரிலீவர்’. கம்பெனியில் ஷிப்ட் முடிந்தாலும் மாற்றிவிட ரிலீவர் வராமல் இயந்திரத்தை விட்டு நகர முடியாது. எங்கள் கவிதையும் அப்படித்தான். ரிலீவர் வராவிட்டால் கவிஞன் நின்ற வரியிலேயே நிற்க வேண்டும். சில பேரை வேண்டுமென்றே நிறுத்தி வேடிக்கை பார்த்ததும் உண்டு.

ஒரு ஞாயிறு, கழுத்தில் கண்ணாடி தொங்க, தோளில் ஒரு பெட்டியோடு அந்த அம்மாள் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வந்திருக்கிற பள்ளிக்கூட மியூசிக் டீச்சர் என்று யாரோ சொன்னார்கள். நஞ்சப்பா தன் வரியைச் சொன்னார். நான் ரிலீவராக எழுந்து தமிழில் சொன்னேன். நஞ்சப்பா திரும்பச் சொன்னார். அவ்வளவுதான், அந்த அம்மாள் துள்ளி எழுந்துவிட்டார். “ஐயோ, இது குவார்ட்டெட்டாக்கும்!” என்றார். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுகூட நினைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். “வயலினா மேடம்?” என்று நஞ்சப்பா கேட்டார். “வயலினுக்கு அக்கா. வயோலா. கொஞ்சம் உடம்பு பெருசு, குரல் தணிவு, ஆளு பொறுமை” என்றார்.

இரண்டு வயலின், ஒரு வயோலா, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி ஒரு செல்லோ. நான்கு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிறவர்களுக்காக வாசிப்பது. முன்னால் நின்று கோல் ஆட்டுகிறவர் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். “நாலு பேரும் பேசணும், ஒருத்தரும் கத்தக் கூடாது. அதான் குவார்ட்டெட், பாத்துக்கிடுங்க” என்று விளக்கினார். நாங்கள் தலையாட்டினோம். அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள். மூக்கண்டப்பள்ளிக் கவிதைகளை வைத்து ஒரு புது குவார்ட்டெட் எழுதப் போகிறாராம். நல்லது. பாடுவது யார்? யாரும் பாட மாட்டார்களாம். வார்த்தையே கிடையாதாம்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “வார்த்தைய எடுத்துட்டா கவிதையில என்னா மேடம் இருக்குது? கறிய எடுத்துட்டு கொழம்பு ஊத்துவீங்களா?” என்று கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. “கொழம்புலயும் கறி வாசன இருக்கும் இல்லியா சார்? வார்த்தை போனப்பறமும் மிச்சம் இருக்குதான்னு பாப்போம். ஒண்ணும் இல்லன்னா அது கவிதையே இல்லியாக்கும்” என்றார். பெஞ்சே சிரித்தது. சிரித்தவர்களில் நஞ்சப்பாதான் முதல். நான் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் ஒரு சவால் விட்டேன். வார்த்தை இல்லாமல் வாசிக்கிறபோது, கேட்கிற கூட்டத்தில் ஒரே ஒரு ஆளாவது ‘இது இன்ன விஷயம்’ என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் நான் அந்த அம்மாள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். கண்டுபிடிக்காவிட்டால் அப்புறம் எங்கள் கவிதைகளை அவர் தொடக் கூடாது. “சரி சார்” என்று கை நீட்டினார். என்னமோ கபடிக்குச் சம்மதித்த மாதிரி அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அவர் வேலை செய்த விதத்தை நேரில் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குத் தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரில் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வார். செக்யூரிட்டிக்காரர் ஒரு நாள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளிக்கப் போனார். அதைவிட வேடிக்கை, கவிஞர்களுக்கு அவர் வைத்த பரீட்சை. “உங்க கவிதையச் சொல்லுங்க. வாய மூடிக்கிட்டுச் சொல்லுங்க” என்பார். உதடு பிரியக் கூடாது. மனசுக்குள் வரி ஓட வேண்டும், வெளியே முனகல் மட்டும் வர வேண்டும். நஞ்சப்பா முனகியதைக் கேட்டு, பல்வலி என்று அவர் மருமகள் கிராம்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

நான் பிகு பண்ணிக்கொண்டு வெகு நாள் போகவில்லை. கடைசியில் அவரே டியூஷன் சென்டர் வாசலில் என்னை மடக்கிவிட்டார். சரி, தொலையட்டும் என்று ஒரு கவிதையை முனகினேன். என் எத்தனையோ கவிதைகளில் அது ஏன் வாயில் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் நானும் என் மனைவி பத்மாவும் மூக்கண்டப்பள்ளியில் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம். எனக்கு நைட் ஷிப்ட், அவளுக்கு முதல் ஷிப்ட். நான் கதவைத் தட்டும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். மத்தியானம் அவள் வரும்போது நான் ஓவர்டைமுக்குப் போயிருப்பேன். ஒரே பாய். ஒரு நாள் வாசற்படியில் நின்று அவள் கேட்டாள்: “நாம புருஷன் பொண்டாட்டியா, இல்ல ஒருத்தருக்கு ஒருத்தர் ரிலீவரா?” பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டாள். பிறகு வந்த பதில்தான் அந்தக் கவிதை. ‘நீ விட்டெழுந்த பாயில் இன்னும் சூடு இருக்கிறது’ என்று ஒரு வரி அதில் வரும்.

முனகி முடித்தேன். மேடம் வழக்கம்போலத் துள்ளவில்லை. “நடுவுல ஒரு எடத்துல மூச்சு நின்னுச்சு சார். அங்க என்ன இருக்கு?” என்றார். பாய் வரியைச் சொன்னேன். “வீட்டுல என்ன சொன்னாங்க இதக் கேட்டுட்டு?” நான் செருப்பைத் தேடி மாட்டினேன். “சொல்லவே இல்லியா?” ஊருக்கெல்லாம் சொன்ன கவிதை அது. தருமபுரி வரைக்கும் போய் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பத்மாவிடம் சொன்னதில்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்க, மாவு அரைக்க நேரம். வட்டத்துக்கு அவள் வந்ததே கிடையாது. அது ஒரு சாக்கு. உண்மையில் எனக்குப் பயம். அவள் கேட்டுவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு அந்தக் கவிதை இல்லாமலே போய்விடும். மேடத்திடம் இதை எப்படியோ திக்கித் திணறிச் சொன்னேன். “பயம்னா நல்லது. அதுக்கு ஸ்வரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு வேக வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

குவார்ட்டெட் முடிந்தது. முதலில் பெங்களூரில் ஒரு நல்ல அரங்கத்தில் வாசிக்கலாம் என்று கிரண் ஆசைப்பட்டான். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. “முதல்ல மூக்கண்டப்பள்ளி. அங்க பாஸ் பண்ணுனா எங்க வேணும்னாலும் பாஸ்” என்றார். கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிறு காலை. மின்விசிறிச் சத்தம் ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆளுக்கொரு விசிறியாகக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு கூட்டம் உட்கார்ந்தது. ‘சவால்’ என்ற வார்த்தை ஊரெல்லாம் பரவியிருந்ததால் அப்படி ஒரு கூட்டம்! பத்மாவும் வந்தாள். சங்கீதம் கேட்க வரவில்லை. “நீங்க தோக்குறத நான் பாக்க வேணாமா?” என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மேடம் வயோலாவோடு, கிரண் செல்லோவோடு, பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் வயலினோடு. முதல் வயலின் ஒரு சின்ன வரியை வாசித்தது. அது முடிந்து வயோலா தொடங்குவதற்குள் நஞ்சப்பா எழுந்து நின்று “இன்னொந்து சல ஹேளி!” என்று கத்திவிட்டார். வட்டத்தில் அவர் அப்படித்தான் ‘இன்னொரு தரம் சொல்லு’ என்று கேட்பார், பழக்கதோஷம். அவர் கேட்டதும் எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தமிழில் ஒருவர், தெலுங்கில் ஒருவர். பெங்களூர்ப் பிள்ளைகள் வில்லைத் தூக்கியபடி அப்படியே உறைந்துபோனார்கள். இந்த மாதிரி இசைக்கு மூச்சு விடுகிற சத்தம்கூட வரக் கூடாதாம், கிரண் பிறகு சொன்னான். எனக்கு மானம் போயிற்று. மேடத்தைப் பார்த்தேன். அந்த அம்மாள் வயோலாவைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்! “கேக்குறாங்கல்ல, வாசிங்க!” என்று முதல் வயலின்காரப் பெண்ணிடம் சொன்னார். அவள் திரும்ப வாசித்தாள். கூட்டம் “ஆங்!” என்றது. அன்று முதல் பகுதி முழுவதும் அப்படித்தான் நடந்தது. கேட்டபோதெல்லாம் திரும்ப வாசித்தார்கள். கிரணுக்கு வேர்த்து ஒழுகியது. ஆனால் அந்தப் பையன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

இரண்டாம் பகுதி. எனக்கு ஒட்டவில்லை. ஒரு கருவி நீளமாக ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று வந்து அதே ஸ்வரத்தை வாங்கிக்கொள்ளும்வரை விடாது. வாங்கியதும் முதலாவது ஓய்ந்துவிடும். இரண்டும் ஒரு கணம்தான் சேர்ந்து ஒலிக்கும், அப்புறம் ஒன்றுதான் இருக்கும். கூட்டமும் ஏனோ கத்தவில்லை. நான் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன். அடுத்தது என்னுடையதாக இருக்கும், அதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசனை எனக்கு. அப்போது பத்மா என் முழங்கையைப் பிடித்தாள். நல்ல பிடி. “இதி மன ரூமு கதா?” என்றாள். தெலுங்கு அவளுக்குத் தன்னை மறந்தால்தான் வரும். இது நம்ம ரூம்தானே என்று கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இல்ல இல்ல, நம்மளது அடுத்தது” என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. “சும்மா இருங்க. பாயி, கதவு, எல்லாம் இருக்குது” என்றாள்.

மூன்றாம் பகுதி வந்தது. ஆகா, இதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். செல்லோ அடியில் இருந்து முனகி முனகி மேலே வருகிறது, வயலின்கள் நடுங்குகின்றன. என் இளமைக் காலம் முழுக்க அதில் இருந்தது. அழுதேன். கைக்குட்டை எடுத்து ஊர் பார்க்க அழுதேன். எல்லாம் முடிந்து, கைதட்டி, பந்தியில் உட்கார்ந்த பிறகு மேடத்திடம் போய் “மூணாவதுல என்ன உலுக்கிட்டீங்க மேடம்” என்றேன். அவர் இலையில் வைத்த வடையை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “மூணாவது நஞ்சப்பா சாரோட போர்வெல்லாக்கும். தண்ணி வராத போர்வெல். உங்களது ரெண்டாவது!” பந்தியே அதிர்ந்தது. நஞ்சப்பா சாம்பார் வாளியோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்து “நன்ன போர்வெல்லுக்கு அழுத மொதல் மனுஷன் நீதாம்பா” என்றார். தோற்றேன். நன்றாகத் தோற்றேன். இவ்வளவு சந்தோஷமான தோல்வி யாருக்கும் வாய்த்திருக்காது.

சவாலில் ஜெயித்த ஒரே ஆள் பத்மா. கவிதையைக் கேட்டதே இல்லை, அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. மேடத்திடம் நேராகப் போனாள். “மேடம், அந்த ரூமுக்கு நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டாள். “உங்க வீட்டுக்காரருதான் கூட்டிக்கிட்டுப் போனாரு. அதுக்கு வார்த்தையெல்லாம் வச்சிருக்காரு, கேளுங்க” என்றார் மேடம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இத்தனை வருஷத்துப் பயம் போய்விட்டது, சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். பத்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். “வேணாங்க. மேடம் சொன்னதே எனக்குப் போதும். நீங்க சொல்லிக் கெடுத்துறாதீங்க.”

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொல்லப் பயந்த காலத்தில் அவள் கேட்கவில்லை. சொல்லத் துணிந்தபோது அவளுக்கு வேண்டாமாம்! அதன் பிறகு மேடம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே கேலிதான். “கவிஞர் இன்னும் க்யூவுலதான் நிக்காரா?” என்று பத்மாவிடம் கேட்பார். “நிக்கட்டும் மேடம், வயசாகலியே” என்பாள் அவள். இரண்டு பேரும் சேர்ந்து தேநீர் குடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெங்களூர் அரங்கத்தில் வாசித்த அன்று பத்மாவைத் தன் செலவில் காரில் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார் மேடம். நான் பின்னால் எங்கேயோ. அங்கே கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. கடைசியில் எழுந்து நின்று வெகுநேரம் தட்டியது. மேடத்துக்குத் திருப்தி இல்லை. “நல்லாத்தான் கேட்டாங்க சார். ஆனா ஒருத்தரும் சண்டைக்கு வரலியே” என்று திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டும் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

அன்று தளி பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. பத்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அரிசித் தண்ணீரில் கை அப்படியே நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுதாள். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“இத்தன நாளு உங்களுக்காக மேடம் சொன்னாங்க. இனிமே யாரு சொல்லுவா? சொல்லுங்க, கேக்குறேன்.”

எத்தனையோ மேடைகளில் மனப்பாடமாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்ன கவிதை. அன்றைக்கு முதல் வரியே குழறியது. பாய் வரியில் மேடம் சொன்ன மாதிரியே மூச்சு நின்றுவிட்டது. பத்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை. நான் மூச்சை வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

“மேடம் வாசிச்சது மாதிரி வராது” என்றாள் பத்மா. எழுந்து உலை வைக்கப் போனவள் அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள். “இருந்தாலும் பரவால்ல. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுங்க.”

நாள்தோறும் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாள் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், சண்டை பிடிக்கிறோம். நண்பர்களே, சுகந்தி மேடத்திடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். ஊரெல்லாம் கவிதை சொல்லித் திரிந்த எனக்கு, என் வீட்டில் கேட்பதற்கு ஓர் ஆளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்மா கூப்பிடுகிறாள், இன்றைக்கு இன்னும் சொல்லவில்லை.